கரன்சி ட்ரேடிங் சொற்கள்: கவுண்டரில் இருந்தவளிடம் கேட்ட கேள்விகள்

திருகோணமலை நகரில் ஒரு நாணயமாற்றுக் கடையின் கவுண்டரில் 9 வருடம் இருந்தேன். வேலையை விட்ட பிறகும் கேள்விகள் விடவில்லை. முன்பு "இண்டைக்கு யூரோ எவ்வளவு?" என்று கேட்டவர்கள் இப்போது போனை நீட்டி "அக்கா, இந்த மார்ஜின் எண்டா என்ன?" என்கிறார்கள். நிலாவெளியில் படகு ஓட்டும் தம்பிமார், கிண்ணியாவிலிருந்து சாமான் வாங்க வரும் தாய்மார், ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரே பதிலைச் சந்தியில் நின்று பத்துத் தரம் சொல்வதைவிட எழுதி வைப்பது சுகம்.

இதில் சொற்களின் விளக்கம் மட்டும்தான் இருக்கிறது, காசு உழைக்கும் வழி இல்லை. உதாரண விலைகள் கணக்கு விளங்குவதற்காக நான் போட்டவை.

1. அக்கா, ஃபொரெக்ஸ் எண்டா என்ன? நீங்க கடையில செய்ததுதானே?

பாதி அதுதான். ஒரு நாட்டுக் காசைக் கொடுத்து இன்னொரு நாட்டுக் காசை வாங்குவது ஃபொரெக்ஸ். உப்புவெளியில் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர் 200 யூரோவை நீட்டுவார், நான் ரூபாவை எண்ணிக் கொடுப்பேன். அங்கே நோட்டு கைமாறியது.

போனில் செய்யும் ட்ரேடிங்கில் எந்த நோட்டும் கைமாறாது. விலை ஏறும் அல்லது இறங்கும் என்று ஒரு பக்கம் எடுக்கிறீர்கள். பிறகு வித்தியாசம் மட்டும் உங்கள் கணக்கில் ஏறும், அல்லது கழியும். சந்தை மிகப் பெரியது. சர்வதேசத் தீர்ப்பனவு வங்கி மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கின்படி, 2022 ஏப்ரலில் ஒரு நாளைக்கு 7.5 ட்ரில்லியன் டொலர் புரண்டிருக்கிறது. அதில் பெரும்பங்கு வங்கிகளும் பெரிய நிதி நிறுவனங்களும் தங்களுக்குள் செய்வது. போன் வைத்திருக்கும் நாம் ஓரத்தில் நிற்கிறோம்.

2. ஏன் எப்பவும் ரெண்டு காசின்ர பேரைச் சேர்த்து எழுதிறாங்கள்? யூரோ/டொலர், டொலர்/யென் எண்டு?

ஒரு காசின் விலையை இன்னொரு காசில்தான் சொல்ல முடியும். அதனால் சோடியாக வரும். அதை இங்கிலீஷில் 'பெயார்' (pair) என்கிறார்கள். முதலில் இருப்பது 'பேஸ்', அதாவது நாம் வாங்கும் அல்லது விற்கும் பொருள். பின்னால் இருப்பது 'கோட்', விலை சொல்லப்படும் காசு. யூரோ/டொலர் 1.0850 என்றால் ஒரு யூரோவின் விலை 1 டொலர் 8½ சதம்.

சந்தையில் மீனைக் காட்டி "கிலோ எவ்வளவு?" என்று கேட்கிறீர்களே, அந்த இடத்தில் மீன்தான் பேஸ், ரூபாதான் கோட். டொலர் ஒரு பக்கம் இருக்கிற பெரிய சோடிகளுக்கு 'மேஜர்' என்று பெயர். டொலர் இல்லாதவற்றை 'மைனர்' அல்லது 'குறொஸ்' என்பார்கள். சின்ன நாட்டுக் காசு ஒரு பக்கம் இருந்தால் 'எக்சொட்டிக்'.

3. ரூபா பலமாகிட்டு எண்டு நியூஸ்ல சொல்றான், ஆனா நம்பர் குறைஞ்சிருக்கே. பிழையா சொல்றானா?

பிழை இல்லை. கவுண்டரில் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். டொலர்/ரூபா சோடியில் டொலர் பேஸ். எண் ஏறினால் ஏறியது டொலர், இறங்கியது ரூபா. எண் இறங்கினால் ரூபா பலமாகியிருக்கிறது.

2022 ஞாபகம் இருக்கும்தானே. மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி பிடியைத் தளர்த்தும்வரை டொலர் 200 ரூபாவைச் சற்றுத் தாண்டி நின்றது. மே மாதத்தில் சுமார் 360. பலகையில் ஒரே நாளில் மூன்று தரம் விலையை அழித்து எழுதிய நாட்கள் அவை. 2024 முடியும்போது 300க்குக் கீழே வந்துவிட்டது. எண் குறைந்ததும் "டொலர் விழுந்திட்டு, மகன் அனுப்பிற காசு குறையுதே" என்று மூதூரிலிருந்து வந்த ஒரு அம்மா கவலைப்பட்டார். பொருளியல் தெரிந்தவர் ரூபா பலமாகிவிட்டது என்று சந்தோசப்பட்ட அதே விசயம்தான் அது.

4. பவுண்/டொலர் எண்டா தங்கமா அக்கா?

சிரிக்காதீர்கள், இதைக் கேட்டவர்கள் ஐந்தாறு பேர். நமது பேச்சில் பவுண் என்றால் முதலில் வருவது 8 கிராம் தங்கம். ஆனால் பவுண்/டொலர் என்ற சோடியில் இருப்பது இங்கிலாந்துக் காசு, ஸ்ரேலிங் பவுண். பழைய வியாபாரிகள் இந்தச் சோடியைக் 'கேபிள்' என்பார்கள். ஒரு காலத்தில் அட்லாண்டிக் கடலடியில் போட்ட தந்திக் கம்பி வழியாகத்தான் விலை லண்டனுக்கும் நியூயோர்க்குக்கும் போய் வந்தது.

தங்கம் தனியாக இருக்கிறது. அதை அவுன்ஸ் கணக்கில், டொலர் விலையில் காட்டுவார்கள். தங்க வியாபாரத்தில் ஒரு அவுன்ஸ் 31.1 கிராம், அதாவது நம் கணக்கில் நாலு பவுணுக்குக் கொஞ்சம் குறைவு. நகைக்கடை விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

5. ஒரே காசுக்கு ஏன் ரெண்டு விலை காட்டுது? பிட், ஆஸ்க் எண்டு?

எங்கள் பலகையிலும் இரண்டு விலைதானே இருந்தது? வாங்கும் விலை 295, விற்கும் விலை 304 என்று வையுங்கள். அது கடையின் பக்கத்திலிருந்து எழுதிய கணக்கு. கடை உங்களிடமிருந்து டொலரை 295க்கு வாங்கும், உங்களுக்கு 304க்கு விற்கும். வாங்கும் விலைதான் 'பிட்', விற்கும் விலைதான் 'ஆஸ்க்'. நீங்கள் விற்கும்போது உங்களுக்குக் கிடைப்பது பிட், வாங்கும்போது கொடுப்பது ஆஸ்க். எப்பக்கம் பார்த்தாலும் உங்களுக்கு நட்டமான விலைதான் உங்களுடையது.

நடுவில் இருக்கும் 9 ரூபா 'ஸ்பிரெட்'. கடை வாடகை, என் சம்பளம், முதலாளியின் இலாபம் எல்லாம் அதற்குள்தான். போனில் ஸ்பிரெட் மிகச் சிறியது. யூரோ/டொலர் 1.0850/1.0852 என்று நிற்கும். அதனால்தான் வாங்கிய மறு நொடியே கணக்கு சிவப்பில் காட்டுகிறது. யாரும் திருடவில்லை, நீங்கள் கதவைத் தாண்டியதற்கு எடுத்த காசு அது. "கமிஷன் இல்லை" என்று விளம்பரம் வந்தால் ஸ்பிரெட் எவ்வளவு என்று பாருங்கள்.

6. பிப் எண்டா என்ன? ஒருத்தன் 40 பிப் அடிச்சன் எண்டு சொல்றான், அது எவ்வளவு காசு?

வெள்ளைப் பலகையில் மார்க்கரால் விலை எழுதுவோம். காலையில் முழு எண்ணையும் எழுதினால், பிறகு நாள் முழுக்கக் கடைசி இலக்கத்தை மட்டும் விரலால் அழித்து மாற்றுவேன். மாலையில் ஆட்காட்டி விரல் நீலமாக இருக்கும். அந்தக் கடைசி இலக்கத்தின் ஓர் அசைவுதான் பிப். அநேகமான சோடிகளில் அது தசமத்துக்குப் பிறகு நாலாம் இடம், 0.0001. யென் உள்ள சோடிகளில் மட்டும் இரண்டாம் இடம், 0.01. ஐந்தாம் இடத்தில் சின்னதாக இன்னொரு இலக்கம் துள்ளும், அது 'பிப்பெட்', பிப்பின் பத்தில் ஒன்று.

40 பிப் எவ்வளவு காசு என்று அவரிடமே கேளுங்கள். லொட் அளவு சொல்லாமல் பிப் மட்டும் சொன்னால், "40 மீன் பிடிச்சன்" என்று சொல்லி அது சூடையா சுறாவா என்று சொல்லாத கதை.

7. சரி, லொட் எண்டா?

கரையில் சூடை மீனைக் கூறு வைத்துத்தான் விற்பார்கள். ஒரு மீன் தா என்றால் தரமாட்டார்கள். லொட் என்பதும் கூறுதான். ஒரு முழு லொட் பேஸ் காசில் 1,00,000. பத்தில் ஒன்று, அதாவது 0.10 லொட், 'மினி'. 0.01 லொட் 'மைக்ரோ', 1,000.

யூரோ/டொலரில் முழு லொட்டுக்கு ஒரு பிப் 10 டொலர், மினிக்கு 1 டொலர், மைக்ரோவுக்கு 10 சதம். மேலே சொன்ன தம்பியின் 40 பிப் 400 டொலராகவும் இருக்கலாம், 4 டொலராகவும் இருக்கலாம். தங்கத்தில் கணக்கு வேறு. அநேகமான இடங்களில் ஒரு லொட் 100 அவுன்ஸ். விலை ஒரு டொலர் அசைந்தால் 100 டொலர்.

8. கையில இல்லாத காசை எப்படி விற்கிறது? ஷோர்ட் எண்டா பொய்தானே?

பொய் இல்லை, கடன். தம்பலகாமத்தில் அறுவடைக்கு முந்தி நெல் விலை ஏறி நிற்கிறது. நீங்கள் அயலவரிடம் பத்து மூட்டை கடன் வாங்கி இன்றைய விலைக்கு விற்கிறீர்கள். அறுவடை முடிந்து விலை இறங்கியதும் பத்து மூட்டை வாங்கித் திருப்பிக் கொடுக்கிறீர்கள். இடையில் மிஞ்சியது இலாபம். மழை பொய்த்து விலை ஏறிவிட்டால்? அப்போதும் பத்து மூட்டை கொடுத்தேயாக வேண்டும்.

வாங்கி வைத்து ஏறும் என்று காத்திருப்பது 'லோங்', முதலில் விற்று இறங்கும் என்று காத்திருப்பது 'ஷோர்ட்'. ஒரு விசயம்: யூரோ/டொலரை ஷோர்ட் செய்தால் டொலரை லோங் செய்ததாகிவிடும். 2ஆம் பதிலில் சொன்ன சோடிக் கணக்கு இங்கேதான் வேலை செய்கிறது.

9. 100 டொலரைப் போட்டு 50,000 டொலருக்கு வியாபாரம் செய்யலாமாம். அது எப்படி?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுப்பேன். மற்றச் சொற்களைப் பிழையாக விளங்கினால் வெட்கம்தான் வரும், இதைப் பிழையாக விளங்கினால் நகை அடகுக்குப் போகும்.

இது 'லெவரேஜ்'. 1:500 என்றால் உங்கள் ஒரு டொலருக்கு 500 டொலர் பெறுமதியான வியாபாரத்தைத் திறக்க விடுகிறார்கள். 499 டொலரை உங்களுக்குத் தருகிறார்கள் என்று நினைக்காதீர்கள். எடுத்துச் செலவழிக்க ஒரு சதமும் இல்லை. ஆனால் நட்டம் 50,000 டொலருக்குத்தான் கணக்கிடப்படும். 50,000இல் 0.2 வீதம் எதிராக அசைந்தால் உங்கள் 100 டொலரும் போய்விடும். யூரோ/டொலர் ஒரு நாளில் 0.2 வீதம் அசைவது பெரிய விசயமே இல்லை, அது 20 பிப்புக்குக் கொஞ்சம் கூட.

அமெரிக்காவில் 2010இலிருந்து சாதாரண ஆட்களுக்கு மேஜர் சோடிகளில் 1:50க்கு மேல் கொடுக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018இல் 1:30 ஆக்கினார்கள். அப்போது அங்குள்ள ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை, இப்படியான கடன்வழி வியாபாரக் கணக்குகளில் 74 முதல் 89 வீதம் காசை இழக்கின்றன என்று சொன்னது. பணக்கார நாடுகள் 30, 50 என்று கட்டிப்போட்டதை நமக்கு 500, 1000 என்று தூக்கித் தருகிறார்கள் என்றால் அது நம்மில் உள்ள அன்பினால் அல்ல. நீங்கள் திறக்கும் தொகை பெரிதானால் ஸ்பிரெட்டில் அவர்களுக்குக் கிடைக்கும் காசும் பெரிதாகும். 5ஆம் பதிலைப் பாருங்கள்.

10. பலன்ஸ் 200 டொலர் காட்டுது, ஈக்விட்டி 140 எண்டு காட்டுது, ஃப்ரீ மார்ஜின் 31 சொச்சம். எதுதான் என்ர காசு?

ஈக்விட்டி. பலன்ஸ் என்பது திறந்த வியாபாரங்களைக் கணக்கில் எடுக்காத தொகை. இந்தத் தம்பியின் போனில் இருந்ததையே எடுப்போம். 0.10 லொட் யூரோ/டொலர், விலை 1.0850, லெவரேஜ் 1:100. வியாபாரத்தின் பெறுமதி 10,850 டொலர். அதைத் திறந்து வைத்திருக்கப் பிடித்து வைக்கும் பிணைக் காசு 108.50. அதுதான் 'மார்ஜின்'. அப்போது 60 டொலர் நட்டத்தில் நின்றது, ஆகவே ஈக்விட்டி 140. அதில் மார்ஜினைக் கழித்தால் ஃப்ரீ மார்ஜின் 31.50.

'மார்ஜின் லெவல்' என்று ஒரு வீதமும் காட்டும். ஈக்விட்டியை மார்ஜினால் பிரித்து நூறால் பெருக்குங்கள்: 129 வீதம். இது குறைந்து ஒரு கட்டத்துக்கு வந்தால் எச்சரிக்கை வரும், 'மார்ஜின் கோல்'. இன்னும் குறைந்தால் உங்களிடம் கேட்காமலே வியாபாரத்தை மூடிவிடுவார்கள், அது 'ஸ்டொப் அவுட்'. அடகுக் கடையில் நோட்டீஸ் வருவதும் பிறகு நகை ஏலத்துக்குப் போவதும் போல. அங்கே மாதக்கணக்கில் தவணை தருவார்கள், இங்கே தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

11. டெமோ கணக்கில பிழை விட்டா ஒண்டும் இல்லத்தானே?

டெமோ என்பது பொய்க் காசில் பழகும் கணக்கு, அதனால் காசு போகாது. மானம் கொஞ்சம் போகும். சொல்கிறேன்.

நான் 2,000 டொலர் டெமோவில் படித்தேன், லெவரேஜ் 1:500. ஒரு வெள்ளிக்கிழமை மாலை தங்கத்தை 0.01 ஷோர்ட் செய்ய நினைத்தேன். அளவுப் பெட்டியில் 1.00 என்று இருந்ததை மாற்ற மறந்து, விற்பதற்கான 'செல்' பொத்தானை அழுத்திவிட்டேன். தங்கம் அப்போது 2,000 டொலர் அளவில். அன்று, விலையைத் துள்ள வைக்கும் அமெரிக்க வேலைவாய்ப்பு எண்கள் வரும் நாள் என்பதும் தெரியாது. அடுப்பில் பால் பொங்க ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் தங்கம் 18 டொலர் ஏறி, 1,800 டொலர் நட்டத்தில் வியாபாரம் தானாக மூடப்பட்டிருந்தது. மார்ஜின் 400 டொலர், ஸ்டொப் அவுட் 50 வீதத்தில். ஈக்விட்டி 200ஐத் தொட்டதும் வெட்டிவிட்டது. 10ஆம் பதிலில் உள்ள கணக்கை நான் படித்தது அன்றைக்குத்தான். பொய்க் காசுதான், ஆனாலும் கை நடுங்கியது.

12. ஸ்டொப் லொஸ் போட்டா நட்டமே வராதாமே?

நட்டம் வரும், அளவு கட்டப்படும். 'ஸ்டொப் லொஸ்' என்பது "விலை இந்த இடத்துக்கு எதிராக வந்தால் மூடிவிடு" என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது. 'டேக் புரொஃபிட்' அதற்கு மறுபக்கம். 'லிமிட்' என்றால் இப்போதைய விலையைவிட நல்ல விலை வந்தால் எடு என்பது. "பாரை மீன் 1,500க்கு வந்தா எனக்கு எடுத்து வை" என்று சொல்லிவிட்டுப் போவது மாதிரி.

ஆனால் ஸ்டொப் லொஸ் சுவர் அல்ல. விலை படிப்படியாக இறங்காமல் குதித்தால் நீங்கள் சொன்ன இடத்தைத் தாண்டித்தான் மூடும். அந்த வித்தியாசம் 'ஸ்லிப்பேஜ்'. 2015 ஜனவரி 15இல் சுவிஸ் மத்திய வங்கி, ஒரு யூரோவுக்கு 1.20 பிராங் என்று காத்து வந்த எல்லையைத் திடீரென்று கைவிட்டது. பிராங் நிமிடக் கணக்கில் பாய்ந்தது. ஸ்டொப் லொஸ் போட்டிருந்தவர்களிலும் பலர் போட்ட காசுக்கு மேலே கடன்பட்டார்கள்.

13. எத்தனை மணிக்கு மார்க்கெட் திறக்குது?

நமது நேரப்படி திங்கள் விடிய 2:30க்குத் தொடங்கி சனி விடிய 2:30 மட்டும். அவர்களுக்குக் குளிர்காலமானால் இரண்டுமே 3:30. டோக்கியோ நமக்கு விடிய 5:30. லண்டன் பகல் 12:30 அல்லது 1:30. நியூயோர்க் மாலை 5:30 அல்லது 6:30. நமது கடிகாரம் மாறாது, அவர்கள் வருடத்தில் இரண்டு தரம் முள்ளைத் திருப்புகிறார்கள். லண்டனும் நியூயோர்க்கும் சேர்ந்து திறந்திருக்கும் நேரத்தில்தான் சந்தை சூடாக இருக்கும். டச்சு விரிகுடாக் கரையில் மாலையில் கடலைப் பார்க்காமல் போனைப் பார்க்கும் பிள்ளைகளைக் கண்டால் விளங்கும்.

14. ராவையில காசு கழியுது, ஸ்வொப் எண்டு போட்டிருக்கு. இது வட்டியா? எங்களுக்குக் கூடுமா?

கிண்ணியாவிலிருந்து ஒரு ராத்தா மகனுக்காகக் கேட்டார். ஆம், ஸ்வொப் வட்டியிலிருந்துதான் வருகிறது. ஒரு காசை வாங்கி இன்னொன்றை விற்கும்போது இரண்டு நாட்டு வட்டி வீதத்தின் வித்தியாசம், இரவைத் தாண்டி வைத்திருந்தால் ஏறும் அல்லது கழியும், அதில் புரோக்கரின், அதாவது போனில் உள்ள தளத்தை நடத்தும் நிறுவனத்தின், பங்கும் இருக்கும். புதன் இரவு மூன்று மடங்கு கழிப்பது வழக்கம், சனி ஞாயிறுக்கும் சேர்த்து. நமக்கு அது வியாழன் விடியற்காலையில் தெரியும்.

'ஸ்வொப் ஃப்ரீ' கணக்கு என்று தருகிறார்கள். சிலர் அதற்குப் பதிலாக வேறு பெயரில் கட்டணம் எடுப்பார்கள், அதைக் கேட்டுப் பாருங்கள். மார்க்கப்படி கூடுமா கூடாதா என்று சொல்ல எனக்கு அறிவில்லை. மௌலவியிடம் கேட்கும்போது ஸ்வொப் மட்டும் சொல்லாமல் 9ஆம் பதிலில் உள்ள லெவரேஜையும் சொல்லிக் கேளுங்கள்.

15. ரூபா விழும் எண்டு தெரிஞ்சா டொலர்/ரூபாவில லோங் போடலாமா?

போனில் உள்ள தளங்களில் இலங்கை ரூபா சோடி பொதுவாக இருக்காது. இது நம் வங்கிகளுக்குள் நடக்கும் சின்னச் சந்தை.

16. இது எங்கட நாட்டுச் சட்டப்படி சரியா?

வெளிநாட்டுச் செலாவணியில் இங்கே கொடுக்கல் வாங்கல் செய்ய 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் இருக்கிறது. அதன்படி அதைச் செய்யக்கூடியவர்கள் அதிகாரமளிக்கப்பட்ட வணிகர்கள், அதாவது உரிமம் பெற்ற வங்கிகள், அதோடு நாங்கள் வேலை செய்தது போன்ற அனுமதி பெற்ற நாணயமாற்றுநர்கள். எங்கோ ஒரு தீவில் பதிந்த புரோக்கரின் லைசன்ஸ் அந்தத் தீவுக்கான லைசன்ஸ். உங்கள் கார்டில் காசு அனுப்ப முதல் உங்கள் வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். வங்கியைத் தவிர்த்துக் கைமாற்றும் உண்டியல் வழியாக அனுப்பலாம் என்று யாரும் சொன்னால் அந்த இடத்திலேயே எழும்பி வந்துவிடுங்கள். சொற்களைப் படிக்க டெமோ போதும், அதற்குக் காசு தேவையில்லை.

17. வட்ஸ்அப் குரூப்பில ஒரு அண்ணன் மாசம் 20 வீதம் தாறன், நீங்க ஒண்டும் படிக்கத் தேவையில்ல எண்டு சொல்றார்...

இது ட்ரேடிங் சொல்லே இல்லை. சிக்னல், கொப்பி ட்ரேட், ஃபண்ட் மனேஜர் என்று நல்ல பெயர்கள் வைத்திருப்பார்கள். இன்னும் மூன்று பேரைச் சேர்த்தால் உங்களுக்கு ஒரு பங்கு என்று வந்ததா? அப்படியானால் அது பிரமிட். 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு அதைத் தடை செய்கிறது. நடத்துபவர் மட்டுமில்லை, சேர்ந்து ஆள் பிடிப்பவரும் மாட்டுவார்.

அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "லொட் எவ்வளவு, ஸ்டொப் லொஸ் எங்கே, ஸ்டொப் அவுட் எத்தனை வீதம்?" நான் கேட்டதும் ஒருவர் என்னைக் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்.

18. நீங்க இப்ப செய்றீங்களா அக்கா?

இல்லை. 11ஆம் பதிலில் சொன்ன அந்த டெமோவின் கடைசித் திரையைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். பலன்ஸ் 200, அளவு 1.00. யாராவது போனை நீட்டினால் நான் என் போனை நீட்டுவேன்.